முன்னணையில் ஒரு பிள்ளை: கிறிஸ்துமஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். நவம்பர் கடைசியில் நட்சத்திரம் கட்ட மூங்கில் பிளக்கிற அன்றைக்கே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளைகள் பட்டென்று கேட்பார்கள். அவர்களைக் கூட்டிப்போக வாசலில் வந்து நிற்கிற பெற்றோர் தயங்கிக் கேட்பார்கள். பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வரும் அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் நண்பர்களும் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவருகிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் எல்லாம் நாங்கள் ஆலயத்தில் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளவை.

சுருக்கமாகச் சொன்னால், கிறிஸ்துமஸ் எதைப் பற்றியது?

கடவுள் நம்மோடு இருக்க வந்தார் என்பதைப் பற்றியது. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: இம்மானுவேல். "தேவன் நம்மோடிருக்கிறார்" என்று அதற்கு அர்த்தமும் அங்கேயே சொல்லியிருக்கிறது.

'இயேசுவின் பிறந்தநாள்' என்று பிள்ளைகள் சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். பெரிய மனிதர்களின் பிறந்தநாளை நாம் கொண்டாடுவது, அவர்கள் வளர்ந்து செய்த காரியங்களுக்காக. கிறிஸ்துமஸில், பிறந்ததே காரியம். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னே, ஒரு அற்புதம் செய்வதற்கு முன்னே, தேவதூதன் மேய்ப்பரிடம் "மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி" என்று சொல்லிவிட்டான்.

கடவுள் எல்லாம் வல்லவர். மேலே இருந்தபடியே மன்னித்திருக்கலாமே? மனிதனாகப் பிறந்துதான் ஆகவேண்டுமா?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கேட்டது எட்டாம் வகுப்புப் பையன்.

பிள்ளைக்கு காய்ச்சல் என்றால் அம்மா என்ன செய்கிறாள்? அடுத்த அறையில் இருந்துகொண்டு "மாத்திரை மேசையில் இருக்கிறது, போட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவதில்லை. பக்கத்தில் வந்து படுக்கிறாள். அந்தச் சூடு அவள் மேலும் ஏறுகிறது. இராத்திரி முழுக்கத் தூங்காமல், நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே கிடக்கிறாள். காய்ச்சலைக் குணமாக்குவது மருந்துதான். ஆனால் பிள்ளை பிற்காலத்தில் நினைவில் வைத்திருப்பது பக்கத்தில் கிடந்த அம்மாவை.

அவர் பக்கத்தில் வந்ததும் மருந்தாக வந்ததும் ஒரே ஆளில் நடந்தது என்பது எங்கள் விசுவாசம். எபிரெயருக்கு எழுதிய நிருபம் இரண்டாம் அதிகாரம், பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருக்க அவரும் அவர்களைப்போலவே ஆனார் என்கிறது. அதே அதிகாரத்தின் கடைசி வசனம், "அவர்தாமே சோதிக்கப்பட்டுப் பாடுபட்டதினாலே, அவர் சோதிக்கப்படுகிறவர்களுக்கு உதவிசெய்ய வல்லவராயிருக்கிறார்" என்று முடிகிறது. பசி, தூக்கம், கண்ணீர், நண்பன் கைவிட்ட வலி எதையும் அவருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாவம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு கிறிஸ்துமஸைப் பேச முடியாது. யோசேப்பின் சொப்பனத்தில் தூதன் பெயரையும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறான்: "அவருக்கு இயேசு என்று பேரிடுவாயாக; ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்." முன்னணையிலிருந்து சிலுவைக்குப் போகிற பாதை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

யோவான் இதைத் தன் பாணியில் சொல்கிறார்: "அந்த வார்த்தை மாம்சமாகி, கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய், நமக்குள்ளே வாசம்பண்ணினார்." இந்த 'வாசம்பண்ணினார்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல்லுக்குக் கூடாரம் போட்டுத் தங்கினார் என்று பொருள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களில் இருந்த காலத்தில் அவர்கள் நடுவிலேயே ஆண்டவரை ஆராதிக்கிற ஆசரிப்புக்கூடாரமும் இருந்தது. ஜனங்கள் கூடாரத்தில் இருந்தால் ஆண்டவரும் கூடாரத்தில். ஜனங்களுக்கு உடம்பு இருந்தால் ஆண்டவருக்கும் உடம்பு.

கத்தோலிக்கத் திருப்பலியில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஞாயிறுகளில் விசுவாச அறிக்கையில் 'மனிதர் ஆனார்' என்ற இடம் வரும்போது தலைவணங்குவார்கள். கிறிஸ்துமஸ் அன்று அந்த இடத்தில் முழங்கால் போடுவார்கள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் ஒரு வருடம் தோழியின் வீட்டுக்குப் போய் அவர்களோடு நள்ளிரவுத் திருப்பலியில் நின்றபோது, அத்தனை பட்டுச்சேலையும் ஒரே நேரத்தில் தரையில் சரசரத்து இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்படியானால் இது அவதாரம் போன்றதுதானே?

இந்து நண்பர்கள் அன்போடு கேட்கிற கேள்வி. தமிழ்க் கிறிஸ்தவர்களும் 'மனுஷாவதாரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியே வந்திருக்கிறார்கள், அதனால் இந்தச் சொல்லைக் கண்டு பதறத் தேவையில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் வாழ்ந்த இறையியலாளர் வெங்கல் சக்கரை இயேசுவை அவதாரம் என்றே எழுதினார். ஆனால் அவர் அதோடு ஒன்றைச் சேர்த்தார்: இந்த அவதாரம் வேலை முடிந்ததும் கலைந்துபோவதில்லை, நிலைத்திருக்கிறது.

எங்கள் விசுவாசத்தில் வேறுபாடு அங்கேதான். ஒருமுறை மனிதரானவர் என்றைக்கும் மனிதராகவே இருக்கிறார். உயிர்த்தெழுந்தபின் சீஷர்களிடம் அவர் காட்டியது காயம்பட்ட கைகளை. அவர் தேவன், அவரே மனிதன், இரண்டும் முழுமையாக என்று கி.பி. 451இல் சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் வகுத்துச் சொன்னது. மனித வேஷம் போட்டவர் என்று சொல்வதை ஆதிச்சபை உறுதியாக மறுத்தது. பசித்ததுபோல நடித்தவரால் பசித்தவனுக்கு என்ன ஆறுதல்? இன்னொன்று, துஷ்டரை அழிக்க வந்தார் என்று நாங்கள் சொல்வதில்லை. "பாவிகளை இரட்சிக்க" வந்தார் என்று பவுல் எழுதிவிட்டு, அந்தப் பாவிகளில் பிரதான பாவி நான் என்று தன் பெயரையே முதலில் போட்டுக்கொள்கிறார்.

முன்னணை என்றால் என்ன? சத்திரத்தில் ஏன் இடமில்லை?

மாட்டுக்கு வைக்கோலும் புல்லும் போட்டுவைக்கிற இடம் முன்னணை. கத்தோலிக்கரின் திருவிவிலியம் 'தீவனத் தொட்டி' என்றே சொல்கிறது. இன்றைக்கு டவுனில் வளர்கிற பிள்ளைகளுக்கு மாட்டுத் தொழுவமே தெரியாது. ஒருமுறை வகுப்பையே ஒரு பால்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினேன். ஓரமெல்லாம் மாட்டு நாக்கு பட்டுப் பட்டு வழவழப்பாக, உள்ளே நேற்றைய வைக்கோல் நனைந்து புளித்த வாடையோடு கிடந்தது. ஒரு சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுலயா டீச்சர் படுக்க வச்சாங்க?" என்று கேட்டாள். நான் அதற்குமேல் அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை.

'சத்திரம்' என்பது பற்றி ஒரு விவரம். லூக்கா இங்கே எழுதிய கிரேக்கச் சொல் 'கட்டாலுமா'. கடைசி இராப்போஜனம் நடந்த அறையைப் பற்றிச் சொல்லும்போதும் அவர் இதே சொல்லைத்தான் போடுகிறார். நல்ல சமாரியன் கதையில் காயம்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கு வேறு சொல். அதனால் இது உறவினர் வீட்டில் விருந்தாளிகள் தங்குகிற அறையாக இருக்கலாம், குடிமதிப்புக்காக, அதாவது ராயன் கட்டளையிட்ட ஜனக் கணக்கெடுப்புக்காக வந்த கூட்டத்தில் அது நிறைந்துவிட்டதால் மாடு கட்டுகிற பக்கம் இடம் கொடுத்திருக்கலாம் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு இது மனதுக்கு நெருக்கமாகப் படுகிறது. கல்யாண வீட்டில் உள்ளறை எல்லாம் நிறைந்துபோய், திண்ணையிலும் களத்திலும் பாய் விரித்த அனுபவம் நமக்கு இருக்கிறதே. நாடகத்தில் வருகிற கொடுமைக்காரச் சத்திரக்காரன் வேதத்தில் இல்லவே இல்லை.

"பிள்ளையைத் துணிகளில் சுற்றி" என்று ஒரு வரி வருகிறது. நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய நூல்சேலையையும் வேட்டியையும் கிழித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிஞ்சு உடம்புக்கு உறுத்தாது என்று. மரியாளும் தன் ஊரிலிருந்து வரும்போதே அப்படிக் கொஞ்சம் துணியை எடுத்துவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்குத் தன் கழுத்தைத் தானே தூக்கி நிறுத்தத் தெரியவில்லை. யாராவது தலைக்குக் கீழே கைவைத்துத் தாங்க வேண்டியிருந்தது. "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதற்கு இதைவிடக் கிட்டத்தில் பார்க்கிற விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெத்லகேமில் அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் குகையின் மேல் 4ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 6ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்ட ஆலயம் இருக்கிறது. அதன் வாசல் நாலடி உயரம்தான். குதிரையோடும் வண்டியோடும் உள்ளே வந்துவிடாதபடி பழைய பெரிய வாசலை அடைத்துச் சிறிதாக்கினார்களாம். இன்று அதற்குத் தாழ்மையின் வாசல் என்று பெயர். குழந்தைகள் மட்டும் நிமிர்ந்தபடி போகலாம்.

செய்தி முதலில் மேய்ப்பருக்கு ஏன்?

அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, ஆட்டுக்கூட்டத்துக்கு நடுவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கிற கீதாரிகளை ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஊர் தூங்கும்போது அவர்கள் தூங்க முடியாது. ஊருக்குள் விசேஷம் என்றால் அவர்களுக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் ஞாபகம் வராது. பெத்லகேம் வயல்வெளியில் இருந்தவர்களும் அப்படித்தான் "இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்." அன்றைக்கு ரோம ராயனான அகுஸ்து சாம்ராஜ்யம் முழுவதும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஆண்டவர் தம் செய்தியை இவர்களிடம் அனுப்பினார்.

அடையாளத்தையும் கவனியுங்கள். துணிகளில் சுற்றி முன்னணையிலே கிடத்தியிருக்கிற பிள்ளை. அரண்மனை என்றிருந்தால் வாசற்காவலன் அவர்களை உள்ளே விட்டிருக்க மாட்டான். தீவனத் தொட்டி இருக்கிற இடம் எது என்று மேய்ப்பருக்கு யாரும் வழிசொல்ல வேண்டியதில்லை. அந்த வாசலில் அவர்கள் கூச்சமில்லாமல் குனிந்து நுழைந்திருப்பார்கள்.

மூன்று ராஜாக்கள் வந்தார்களா?

ராஜாக்கள் என்று மத்தேயு சொல்லவில்லை, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் என்கிறார். மூன்று பேர் என்றும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூன்றானார்கள். அவர்கள் வந்தது "வீட்டுக்குள்", அதாவது கொஞ்ச நாள் கழித்து. குடிலில் மேய்ப்பரையும் அவர்களையும் சேர்த்து வைப்பது வழக்கம்தான், அதில் குற்றம் காண வேண்டாம்.

பொன் ராஜாவுக்கு, தூபவர்க்கம் தேவனுக்கு என்று ஆதிமுதல் விளக்கம் சொல்லிவருகிறார்கள். மூன்றாவதான வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின்தான் என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது. யோவான் 19ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சரீரத்தை அடக்கம்பண்ண நிக்கொதேமு கொண்டுவந்ததும் வெள்ளைப்போளம்தான், கரியபோளத்தோடு கலந்து நூறு இராத்தல். பிள்ளை பார்க்க வருகிறவர் யாராவது சவஅடக்கத்துக்கு வேண்டிய சாமானை எடுத்துக்கொண்டு வருவாரா? மரியாள் அதை எங்கே வைத்தாள், எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் என்ன நினைத்தாள் என்று வேதம் சொல்லவில்லை.

யோசேப்பைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

அவரும் பேசவில்லை. நான்கு சுவிசேஷத்திலும் யோசேப்பு சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சொப்பனம் கண்டார், எழுந்தார், சொன்னபடி செய்தார். தன் பேருக்கு வரக்கூடிய அவமானத்தைத் தாங்கிக்கொண்டு மரியாளைச் சேர்த்துக்கொண்டார், பிள்ளையைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜாவுக்குத் தப்ப இராத்திரியோடு இராத்திரியாக எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தமிழில் பெருங்காப்பியம் பாட வந்தபோது, யோசேப்பையே 'வளன்' என்று தமிழ்ப்பெயர் சூட்டிக் காப்பியத் தலைவனாக்கினார். வாய் திறக்காத அந்தத் தச்சனுக்குத் தமிழ் செய்த மரியாதை அது.

டிசம்பர் 25 உண்மையான தேதியா?

வேதத்தில் தேதி இல்லை. வருடமும் நாம் எண்ணுகிற கணக்கில் சரியாக வராது. ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணிப்பு, அவன் ஆண்ட நாட்களில்தான் இயேசு பிறந்தார் என்கிறார் மத்தேயு, அதனால் அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும்.

கி.பி. 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பில் உள்ள பட்டியல், கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாள் என்று டிசம்பர் 25ஐக் குறிக்கிறது. அந்தப் பட்டியல் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ரோமரின் சூரிய விழாவைப் பிடித்து கிறிஸ்தவர்கள் பேர் மாற்றிக்கொண்டார்கள் என்று பலர் உறுதியாகப் பேசுவார்கள். டிசம்பர் 25இல் சூரியனுக்கு விழா நடந்ததற்குக் கிடைக்கிற பழைய சான்றும் அதே 354ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. வேறொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று கி.பி. 200 வாக்கிலேயே கணித்திருக்கிறார்கள். அதே நாளில்தான் அவர் கர்ப்பத்தில் தரித்தார் என்று கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. அர்மீனிய சபை ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் சபைகளுக்கு அந்த நாள் நம் கணக்கில் ஜனவரி 7. தேதியில் என் விசுவாசம் தொங்கவில்லை. பிறந்த தேதி தெரியாத பாட்டிகள் நம் வீடுகளில் எத்தனை பேர், அவர்கள் பிறக்காமலா போனார்கள்?

கொண்டாடும்படி வேதத்தில் கட்டளை இல்லையே? சில விசுவாசிகள் கொண்டாடுவதே இல்லையே?

கட்டளை இல்லை, உண்மை. நம் ஊரிலேயே பெந்தெகொஸ்தே, சகோதர சபைக் குடும்பங்கள் பலவற்றில் கிறிஸ்துமஸ் கிடையாது. 1659 முதல் 1681 வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் பக்தி மிகுந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்களே இந்தப் பண்டிகைக்குத் தடைபோட்டு, கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் வைத்திருந்தார்கள். குடியும் கூத்துமாகப் போய்விடுகிறது என்ற அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

நான் ரோமர் 14ஆம் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான், "அவனவன் தன்தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்." கொண்டாடாத என் சித்தியை நான் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் அவரோடு வாதம் வந்தால் ஒன்று சொல்வேன்: கட்டளை இல்லாமலேதான் தூதர்கள் பாடினார்கள், கட்டளை இல்லாமலேதான் மேய்ப்பர் ஓடினார்கள். சந்தோஷத்துக்கு உத்தரவு வாங்க வேண்டுமா, சித்தி?

மரம், கேக், கிறிஸ்துமஸ் தாத்தா?

இவை இல்லாமலும் பண்டிகை உண்டு, இருந்தாலும் பாவமில்லை. தாத்தாவுக்குப் பின்னால் மீரா பட்டணத்தில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேராயர் நிக்கொலாஸ் இருக்கிறார், டிசம்பர் 6 அவர் நினைவுநாள். வீடு வீடாகப் பாடிப்போகிற கீத பவனியில் தாத்தா வேஷக்காரர் மிட்டாய் வீசுவதைப் பிள்ளைகள் ரசிக்கட்டும். ஆனால் 'பிறந்தது யார்' என்று கேட்டால் தாத்தா பெயரைச் சொல்கிற நிலைக்கு அவர்களை விட்டுவிடக் கூடாது.

ஆவிக்குரிய விதத்தில் எப்படி ஆயத்தப்படுவது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் அதற்காகவே இருக்கின்றன. நாங்கள் ஆயத்த நாட்கள் என்போம், கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி இராச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி முடியும். முன்னணையில் தொடங்கி, வெறுமையான கல்லறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து முன்னணையைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். யாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறதோ அவர்களுக்கு 24ஆம் தேதிக்குள் ஒரு போன் போட்டுவிடுங்கள். கடினம்தான். எனக்கு ஒரு தடவை மூன்று வருடம் ஆனது.

மற்றபடி நான் கற்றுக்கொண்டது எங்கள் ஆச்சியிடம். முதல் ஆயத்த ஞாயிறு முடிந்ததும் ஒரு பழைய அலுமினியத் தட்டில் மண் பரப்பி கேழ்வரகு விதைப்பாள், குடிலுக்குப் பச்சையாக வயல் வேண்டுமே என்று. தினமும் கையில் தண்ணீர் எடுத்துத் தெளிப்பாள். மாடு, கழுதை, மேய்ப்பர், மரியாள், யோசேப்பு எல்லாரும் குடிலில் வந்துவிடுவார்கள், நடுவில் தொட்டி மட்டும் வைக்கோலோடு வெறுமையாகக் கிடக்கும். பாலகன் சொரூபத்தை அவள் ஒரு பிஸ்கட் டின்னில், தன் பழைய சேலைத் துண்டில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருப்பாள். வண்ணம் போய், மூக்கு நுனி உடைந்த சின்னச் சொரூபம். 24ஆம் தேதி இராத்திரிதான் வெளியே வரும்.

எனக்கு ஏழு வயதிருக்கும். "பிள்ளையே இல்லாத தொட்டிக்கு எதுக்கு ஆச்சி வைக்கோலு?" என்று கேட்டேன். "அவரு வாரதுக்கு முன்னாலதான் போடணும். வந்த பொறவு பிள்ளையக் கையில வச்சிக்கிட்டு வைக்கோலத் தேடுவியா?" என்றாள். ஆயத்தம் என்பதற்கு அதற்குப்பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். எனக்குள் நின்றது இதுதான்.

வீட்டில் துக்கம். எப்படிக் கொண்டாடுவது?

கொண்டாட வேண்டாம். "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை" என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை நான் மதிக்கிறேன். அந்த வருடம் வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள், உறவினர் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் பண்டிகை இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸ் உங்களுக்கும் உண்டு. ஒருவேளை உங்களுக்குத்தான் முதலில்.

மத்தேயு எழுதிய பிறப்புச் சரித்திரத்தில் பெரிய அழுகை இருக்கிறது. ஏரோது பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்னான். இஸ்ரவேலரின் பழைய தாயான ராகேலே அழுகிறாள் என்று மத்தேயு எழுதுகிறார்: "ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்." வேதம் அவளுக்கு உடனே ஆறுதல் சொல்ல ஓடவில்லை, ஆறுதலடையாதிருக்கிறாள் என்று அப்படியே எழுதிவைத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28இல், சபை அந்தப் பிள்ளைகளை நினைவுகூருகிறது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் பண்டிகை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி, வேளாங்கண்ணி என்று எத்தனை கரைகளில் நட்சத்திரம் இறக்கப்படாத வீடுகளுக்குள் கடல் வந்தது. புதுத்துணியோடு புதைத்த பிள்ளைகளைப் பற்றிப் பிற்பாடு ஒரு தாய் என்னிடம் பேசினாள். "கடவுள் அப்ப எங்க இருந்தாரு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறந்த உடனே கொலைக்குத் தப்பி ஓட வேண்டியிருந்த ஒருவரை, கடைசியில் தப்பாமல் சிலுவையில் செத்த ஒருவரை நாங்கள் ஆண்டவர் என்று கும்பிடுகிறோம் என்பதை மட்டும் அவளும் அறிவாள், நானும் அறிவேன். அடுத்த வருடம் அவள் நட்சத்திரம் கட்டவில்லை. அதற்கடுத்த வருடம் கட்டினாள்.

கையில் பணம் இல்லை. கடன் வாங்கியாவது பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கத்தானே வேண்டும்?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். வட்டிக்கு வாங்கி டிசம்பரில் சிரித்துவிட்டு ஜனவரியில் அழுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிள்ளை பிறந்து நாற்பது நாளில் மரியாளும் யோசேப்பும் எருசலேம் தேவாலயத்துக்குப் போனார்கள். காணிக்கையாக அவர்கள் கொண்டுபோனது ஒரு ஜோடுப் புறா என்கிறார் லூக்கா. லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். கொண்டுபோக வேண்டியது ஆட்டுக்குட்டி. அதற்குச் சக்தியில்லாதவர்களுக்குத்தான் புறா. தங்களால் முடிந்தது இவ்வளவுதான் என்று அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொண்டு அந்தத் தாய் நின்றாள், கையில் இருந்த பிள்ளையோடு. பழைய சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு அதிகாலை ஆராதனைக்கு வாருங்கள். யாராவது ஏற இறங்கப் பார்த்தால் அது அவர்கள் பிரச்சினை. வசதி உள்ளவர்களுக்கும் ஒன்று: உங்கள் வரிசையில் பழைய சட்டையோடு யாராவது உட்கார்ந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.

குடிலை எப்போது கலைப்பது?

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை வைத்திருப்பது பொதுவான வழக்கம். பிள்ளையை தேவாலயத்துக்குக் கொண்டுபோன நாளான பிப்ரவரி 2 வரை வைத்திருப்பவர்களும் உண்டு. நாங்கள் 6ஆம் தேதி சாயங்காலம் ஜெபம்பண்ணிவிட்டு எடுப்போம். வைக்கோலையும் கேழ்வரகுப் பயிரையும் குப்பையில் போடுவதில்லை. ஆச்சி காலத்தில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகும், இப்போது தெருமுனைப் பால்காரர் மாட்டுக்குப் போகிறது. பாலகன் அதே சேலைத் துண்டில், அதே பிஸ்கட் டின்னில். துண்டு மட்டும் இப்போது நூல்நூலாகப் பிரிந்துவிட்டது, மேலே அம்மாவின் சேலையில் ஒரு துண்டைச் சேர்த்துச் சுற்றியிருக்கிறேன்.